இரண்டு அளவு டயர்

என் அன்பு வீட்டுக்காரிக்கு,

நான் சௌக்கியம். உன் முதுகுவலி குறைந்ததா? பாப்பா ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா?

இங்கே ஒரு வேடிக்கை. கடைகளுக்குச் சரக்கு கொண்டுபோகும் காருக்கு முன்டயர் இரண்டையும் மாற்றினேன். விற்காமல் கிடந்த ஜோடி, கொஞ்சம் பெரிய அளவு. பேரம் பேசிப் பாதி விலைக்கு அமுக்கிவிட்டேன். மறுநாளே, வண்டி சறுக்கினால் எரிகிற மஞ்சள் விளக்கு எரிந்தது. காய்ந்த சாலையில், வளைவில், வண்டி தானாகவே பிரேக் பிடித்தது. பயப்படாதே, மெதுவாகத்தான் போனேன்.

காற்றுப் பார்த்தேன், பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், விளக்கு அணையவில்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அவர் குனிந்து டயரில் இருந்த எண்களைப் படித்துவிட்டுச் சிரித்தார். "அண்ணே, முன்சக்கரம் பெருசு, பின்சக்கரம் சின்னது. ரெண்டும் வேற வேற வேகத்துல சுத்துனா, சறுக்குறோம்னுதானே வண்டி நினைக்கும்? கோளாறு வண்டியில இல்ல, உங்க பேரத்துல!"

சரியான அளவு போட்டதும் விளக்கு அணைந்தது.

ஒரு வேலை செய். பாப்பாவின் காலைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. அவளுக்குச் செருப்பு வாங்கப் போய், கடையில் கையை விரித்து அளவு காட்டினேன். அது நான் கிளம்பிய அன்று இருந்த கால். இனி அளவில் குத்துமதிப்பு வேண்டாம்.

சரக்கு ஏற்றியாகிவிட்டது, கூப்பிடுகிறார்கள். தாளில் இடமிருந்தால் பக்கத்திலேயே உன் காலையும் வரைந்துவிடு.

உன் வீட்டுக்காரன்