வேலூர் வண்டி

7-6-1999, திங்கள்
இன்றும் வேலைக்குப் போகவில்லை. பஸ் முதலாளி மறுபடியும் ஆள் அனுப்பியிருந்தார். வேலூர் வண்டியில் என் கண்டக்டர் வேலை அப்படியே இருக்கிறதாம். கண்ணமங்கலம் தாண்டி லாரியில் மோதி, டிரைவர் தங்கவேலு என் கண்ணெதிரே உயிரை விட்டது சித்திரையில். என் கை எலும்பு கூடிவிட்டது. ஆனால் பஸ் ஏறவேண்டும் என்று நினைத்தாலே வியர்த்துவிடுகிறது.

10-6-1999
தீபாவுக்கு வேலூர் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. கமலம் தறியிலிருந்து எழுந்து வந்து மகளைக் கட்டிக்கொண்டாள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். தினமும் அதே ரோட்டில், பஸ்ஸில் — எப்படி அனுப்புவேன்?

11-6-1999
தீபா சாப்பிடவில்லை. நானும்தான்.

13-6-1999, ஞாயிறு
தேவிகாபுரத்தில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. கமலத்தைப் பின்னால் உட்காரவைத்து சைக்கிளிலேயே கிளம்பினேன். பாதி வழியில் சொன்னாள்: “உங்களுக்கு பயம்னா நீங்க ஏறாதீங்க. அந்தப் பொண்ண ஏன் கட்டிப் போடுறீங்க?”

பதில் சொல்வதற்குள் பின்னால் பஸ் ஹார்ன். சைக்கிளைப் பள்ளத்தில் விட்டுவிட்டேன். கமலத்துக்கு முழங்கால் கிழிந்து ரத்தம் கொட்டியது. அந்த பஸ்தான் நின்றது. சைக்கிளை மேலே ஏற்றினார்கள். அவளைத் தூக்கிக்கொண்டு நானும் ஏறியிருக்கிறேன். வண்டி நகர்ந்த பிறகுதான் உறைத்தது. இறங்கிவிடலாமா? அவளை விட்டுவிட்டா? கண்டக்டர் தெரிந்த பையன். “அண்ணே, கம்பியப் புடிச்சிகினு கண்ண மூடிக்கங்க” என்றான். தேவிகாபுரம் வரும்வரை திறக்கவில்லை.

16-6-1999
கமலத்துக்கு நாலு தையல். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை; திட்டியிருந்தால் தேவலை. பஸ்ஸைக் கண்டு பயந்து நானேதான் அவளைத் தள்ளியிருக்கிறேன். தீபாவைக் கூப்பிட்டு, போம்மா என்றேன். அவள் கேட்டாள்: “மொத நாள் நீயும் வரியாப்பா?”

21-6-1999, திங்கள்
கூடவே போனேன். அந்த இடம் வந்தபோது தீபா என் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் யாரைக் கூட்டிப் போனோம் என்று தெரியவில்லை.

23-6-1999
தனியாக அனுப்பினேன். வண்டி போன பிறகு முதலாளியைப் பார்த்து, படவேடு வண்டிக்கு வருகிறேன், வேலூர் ரோட்டில் இப்போதைக்கு முடியாது என்று சொன்னேன். சரி என்றார்.

சாயந்திரம் சீக்கிரமே ஸ்டாண்டுக்குப் போய், வரும் ஒவ்வொரு வேலூர் வண்டியையும் பார்த்துக்கொண்டு நின்றேன். இறங்கி வந்த தீபா, பசிக்குதுப்பா என்றாள்.