குண்டூசி ஒட்டாத பட்டை

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் இங்கே நலம். நீயும் நலம் என்று எழுதியிருக்கிறாய். அண்ணி அப்படி எழுதவில்லை. உன் கடிதத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில், கால் கட்டைவிரல் புண் இரண்டு மாதமாக ஆறவில்லை, பாதம் மரத்துப்போகிறது, டாக்டரிடம் போகலாம் என்றால் கணுக்காலில் கட்டிய காந்தப் பட்டையைக் காட்டி, இதுவே ரத்தத்தை ஓட வைக்கும், கால் லேசாக இருக்கிறது என்கிறார் என்று இருந்தது. அண்ணியைத் திட்டாதே. இதை முழுதாகப் படி.

போன மாதம் என் தையல் கடைக்கு வினோதமான வேலை ஒன்று வந்தது. மருத்துவக் கல்லூரி டாக்டரம்மா ஒருவர் நாற்பது மணிக்கட்டுப் பட்டை கேட்டார். இருபதில் காந்த வில்லை. இருபதில் அதே எடையில் காந்தம் ஏற்றாத வில்லை. பார்த்தால் வித்தியாசம் தெரியக் கூடாது. நோய்நொடி இல்லாதவர்களுக்குக் கட்டி, ரத்த ஓட்டம் கூடுகிறதா என்று பார்க்கப் போகிறாராம். எது எது என்று கட்டிக்கொள்பவருக்கும் தெரியாது, கட்டிவிடும் நர்ஸுக்கும் தெரியாது.

தைக்கும்போது ஒரே கூத்து. காந்த வில்லையை எடுத்தால் மேஜையிலுள்ள குண்டூசியெல்லாம் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். கத்தரிக்கோலை அடுத்த அறையில் வைத்துவிட்டுத்தான் தைத்தேன்.

முடிவு என்ன ஆயிற்று என்று தெரியாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். என் சுபாவம் உனக்குத் தெரியாததா? நேரே போய்க் கேட்டேன். விரலில் ஒரு கிளிப் மாட்டினால் ரத்தம் ஓடுவது திரையில் கோடாகத் தெரிகிறது. இரண்டு கூட்டத்துக்கும் கோட்டில் வித்தியாசமே இல்லையாம். 'சூடு ஜிவ்வுனு ஏறுது, கழட்டாதீங்க' என்ற உடற்பயிற்சி ஆசிரியர் கட்டியிருந்தது வெறும் வில்லை.

சிரித்துவிட்டேன். தைத்தவளை ஏமாற்ற முடியுமா என்று, பெட்டியிலிருந்து ஒரு பட்டையை எடுத்து நானும் கட்டிக்கொண்டு, விரலில் கிளிப்பையும் மாட்டிக்கொண்டேன். பத்து நிமிடத்தில் உள்ளங்கை வரை இதமான சூடு. சத்தியமாக இருந்தது. இது காந்தம்தான் என்றேன். டாக்டரம்மா திரையைக் காட்டினார். கோடு முன்பு எப்படியோ அப்படியே ஓடியது. என் காலரில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்துப் பட்டைமேல் வைத்தேன். அது நழுவிக் கீழே விழுந்தது. அசடு வழிந்தேன், வேறென்ன.

அதனால் கால் லேசாக இருக்கிறது என்று நீ சொல்வதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். என் சூடும் பொய்யில்லை. ஆனால் அதற்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை.

உன் புண்ணைப் பற்றிச் சொன்னதும் டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. 'நாங்க பார்த்ததெல்லாம் நல்லா இருக்கறவங்களை. ஆறாத புண்ணை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கக் கூடாதும்மா. இந்த வாரமே காட்டச் சொல்லுங்க' என்றார். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா.

நான் தையல் பழகிய நாளில் என் கால் மிஷின் மிதிக்கு எட்டாது. நான் துணியைத் தள்ள, நீ பக்கத்தில் நின்று வலது காலால் மிதிப்பாய். அவசரமாக மிதித்து என் விரலில் ஊசி ஏற்றியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இப்போது புண் வந்திருப்பது அதே காலில் என்று அண்ணி எழுதியிருக்கிறாள்.

பட்டையைக் கழற்ற வேண்டாம். கட்டிக்கொண்டே போ. ஆனால் போ. டாக்டர் என்ன சொன்னார் என்று அண்ணி எழுதட்டும். நீ எழுதினால் நம்ப மாட்டேன்.

வாசலையே பார்த்திருக்கும்,
உன் தங்கை