உன் பேருக்கு நான் சொன்ன 'ம்'

மரக்காணம், 2006

என் ஆசை தனம் அக்காவுக்கு,

நீ போய் எட்டு மாதமாகிறது. முதல் கடிதமே சண்டைக் கடிதமாக இருக்கிறதே என்று கோபித்துக்கொள்ளாதே. நம்ம நைனாவோடு என்னால் முடியவில்லை.

நைனா பக்கவாதத்தில் விழுந்து புதுச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்த அதே வாரம் நீ காமாலையில் போய்ச் சேர்ந்தாய். நைனா கொஞ்சம் தேறட்டும், அப்புறம் சொல்லலாம் என்றார்கள். அப்புறம் ஆளாளுக்கு நழுவிவிட்டார்கள். நானும்தான்.

இடது கை மட்டும்தான் போயிற்று என்று நினைத்தோம். முகங்களும் போனது யாருக்கும் தெரியவில்லை. வெயிலுக்கு முகத்தை மூடித் துண்டு கட்டிக்கொண்டு, நடையையும் குரலையும் வைத்தே ஆளைக் கூப்பிடுகிற உப்பளக்காரர்கள் நாம். வந்தவர் வாயைத் திறந்ததும் நைனா பேரைச் சொல்லிவிடுவார். எப்படிக் கண்டுபிடிப்பது?

சவரக் கண்ணாடிதான் காட்டிக்கொடுத்தது. அதில் தன்னையே பார்த்து, "யாரோ பெரியவரு வந்து உக்காந்துனு இருக்காரு. ஒரு டீ குடும்மா" என்றார். தலையில் அடித்துக்கொண்டேன்.

டாக்டரைக் கேட்டேன். "மொகத்த பாத்து ஆள கண்டுபிடிக்கறது பெரும்பாலும் மூளையோட வலது பாதி வேலம்மா. இவருக்கு அடி அங்கதான். பேரு, பேச்சு எல்லாம் இடது பாதி, அது நல்லா இருக்குது."

"தன் மொகம்கூடவா சார் தெரியாது?"

"அதுக்கு ரெண்டு பாதியும் சேரணும்னு சொல்றாங்க. எது எவ்ளோன்னு எங்களுக்கே முழுசா புரியல."

நல்லா இருக்குது கதை!

உன் காரியம் முடிந்ததும் வானூர் அத்தை உன் கொலுசை என் காலில் மாட்டிவிட்டாள். பெட்டியில் கிடந்தால் கறுத்துப்போகுமாம். நானும் மண்டு மாதிரி காலை நீட்டினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று நைனா அந்தச் சத்தம் கேட்டு, "தனம், வந்துட்டியா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கெடுக்க மனசு வராமல் 'ம்' என்றேன். நம் இரண்டு பேருக்கும் ஒரே குரல் வேறு. அந்த ஒரு 'ம்' இத்தனை மாதம் ஓடிவிட்டது.

இதில் கொடுமை என்ன தெரியுமா? "இங்க பக்கத்துல பிரம்மதேசத்துல கட்டிக் குடுத்தேனே மல்லிகா, என்ன எட்டியே பாக்கல" என்று என்னிடமே குறை சொல்கிறார். புருஷனை அங்கே விட்டுவிட்டு வந்து குளிப்பாட்டுகிறவள் நான், பேர் உனக்கா? போன வாரம் பொறுக்கமாட்டாமல் கொலுசைக் கழற்றிவிட்டு, "நான் மல்லிகா நைனா" என்றேன். "சும்மா இரு தனம். தங்கச்சி பேர சொல்லி ஏமாத்தாத" என்கிறார்! உயிரோடு இருந்தபோதும் நீதான் செல்லம், செத்த பிறகுமா? வயிறு எரிகிறது அக்கா.

இன்று காலை மாத்திரையைத் துப்பினார். "எத்தினி வாட்டி சொல்றது? உன்னோட மாரடிக்க என்னால ஆகாது நைனா!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டேன்.

நைனா என் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு மெதுவாக, "மல்லிகாவா?" என்றார். நீ ஒருநாளும் அவரிடம் குரலை உயர்த்தியதில்லையே.

வலது கையால் என் கன்னத்தைத் தடவினார். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் அடுத்த கேள்வி.

"அப்ப தனம் எங்கம்மா?"

"வானூருக்கு, அத்தை வீட்டுக்குப் போயிருக்கா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடிவந்தேன். இதை அங்கே உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

இனி உன் பேருக்கு நான் பதில் சொல்ல மாட்டேன், இது சத்தியம். நாளைக் காலையில் அவரிடம் சொல்லிவிடுவேன். அழுவார். கையைப் பிடித்துக்கொண்டிருப்பது மல்லிகா என்று தெரிந்து அழுவார்.

உன் கூடப்பிறந்த வாயாடித் தங்கச்சி,
மல்லிகா