அப்பாவு வண்டியும் அப்பா மூளையும்

கவரைப்பேட்டை,
ஞாயிறு மாலை.

அன்பு மகன் ஜோஷ்வாவுக்கு அப்பா ஆசீர்வாதம் எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சோறும் வேளைக்கொரு சண்டையுமாகச் சுகமாக இருக்கிறோம். சிங்கப்பூரில் நீயும் சுகமாக இருந்து, வெல்டிங் பிடிக்கும்போது கண்ணாடியைக் கழற்றாமல், நேரத்துக்குச் சாப்பிட ஜெபிக்கிறோம். கையில் போன் இருக்கக் காகிதம் எதற்கு என்று நீ கேட்பாய். போனில் நான் ஒரு வரி சொல்வதற்குள் உன் அம்மா பிடுங்கி ஒன்பது வரி சொல்லிவிடுகிறாள், அதில் எட்டு வரி என்மேல் புகார். போலீஸ் ஸ்டேஷன் சமாச்சாரத்தை அவள் உனக்குச் சொன்ன விதத்தில் நான் வண்டித் திருடனாகவே ஆகிவிட்டேன். லீவில் வந்த உன் சிநேகிதன் சசிகுமார் வியாழக்கிழமை திரும்புகிறானாம், நெத்திலிக் கருவாட்டோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். நடந்ததை என் வாயால் கேள்.

கிறிஸ்துமஸுக்குப் பேசியபோதே எனக்கு ஞாபகம் கொஞ்சம் நழுவுகிறது என்று சொன்னேன் அல்லவா. தயிர் வாங்கப் போவேன், டெய்லர் கடையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டு வெறும் தூக்கோடு திரும்புவேன். நீ பதறிப்போய் மூளைக்கு நல்லது என்று ஒரு பெரிய டப்பா சத்து மாத்திரையைப் பார்சலில் அனுப்பினாய், நானும் விடாமல் தின்று வந்தேன். ஈஸ்டர் முடிந்த அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிந்து வெளியே வந்து, சாவியைப் போட்டு மொபெட்டைக் கிளப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சாப்பிட்டு எழுந்திருக்கும்போது அடுத்த தெரு அப்பாவு அழாத குறையாக வந்து நிற்கிறான். கோயிலாண்ட நிறுத்தியிருந்த என் வண்டிய எவனோ தூக்கினு பூட்டான்பா, உன் வண்டி மட்டும் அங்கயே கீது, நீ இன்னும் உள்ள ஜெபம் பண்ணிகினு இருக்கேன்னு நெனச்சி நடந்தே ஊட்டுக்குப் போனேன் என்றான். என் வண்டி அங்கே இருக்கிறது என்று அவன் சொன்னது என் காதில் விழுந்தது, ஆனால் மண்டைக்குள் போகவில்லை. ஏறுடா பின்னால, ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லலாம் என்று வாசலில் நின்ற வண்டியை எடுத்தேன். வழியில் அவன், இன்னாப்பா, உன் வண்டிலயும் சீட்டு இதே எடத்துல கிழிஞ்சிகீது என்றான். பழைய மொபெட் எல்லாம் அங்கேதான் கிழியும் என்று நான் விளக்கம் சொன்னேன். ஸ்டேஷனில் ஏட்டு நம்பர் கேட்டு எழுதினார், எழுதியவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார், மறுபடி காகிதத்தைப் பார்த்தார். யோவ், இன்னா வெளையாட்டா, அதோ நிக்குதே அது இன்னா வண்டி என்றார். நாங்கள் இருவரும் திரும்பிப் பார்த்தோம். காணாமல் போன வண்டியில்தான் இரண்டு பேரும் ஏறி வந்து, அதைக் காணோம் என்று எழுதிக் கொடுக்கிறோம். இரண்டும் ஒரே கலர், தேய்ந்துபோன அந்தப் பூட்டுக்கு என் சாவியே போதுமாக இருந்திருக்கிறது. குடித்திருக்கிறோமா என்று இரண்டு பேரையும் ஊதச் சொன்னார், சுக்குக் காபி வாசம்தான் வந்தது. அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள். எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார், நல்ல மனுஷன்.

தெருவே சிரித்தது, எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை ஜோஷ்வா. உன் அம்மாவும் சிரிக்கவில்லை. அவள் கதவைச் சாத்திவிட்டு, யோவ், அது மூளைக்கு ஏறிடுச்சுய்யா, போன்ல ஒரு வீடியோல பாத்தேன் என்றாள். அது என்றால் எது என்று உனக்குத் தெரியும், நம் வீட்டில் இத்தனை வருஷமாக எச்.ஐ.வி. என்று பேர் சொல்லாமல் அது என்றே சொல்லிப் பழகிவிட்டோம், வீட்டில் பேரெடுக்கக் கூடாத சித்தப்பன் மாதிரி. எனக்கு வண்டி மாறியதைப் பற்றிக் கவலையில்லை. கும்மிடிப்பூண்டி யார்டில் நான் ஓட்டுவது மொபெட் இல்லையே. கிரேனில் இரும்புக் கட்டு தொங்கும்போது கீழே நாலு பிள்ளை குட்டிக்காரன் நிற்கிறான். ஒரு நொடி இந்த லீவருக்குப் பதில் அந்த லீவரை இழுத்தால்? மறுநாள் நான் ஏணியில் ஏறவில்லை. தலை சுற்றுகிறது என்று சூப்பர்வைசர் குப்புராஜிடம் சொல்லிவிட்டு, உன் அம்மாவோடு பஸ் மாறித் திருவள்ளூருக்கு, நான் மாத்திரை வாங்கும் இடத்துக்கே போய்விட்டேன்.

அங்கே டாக்டர் கிறிஸ்டினா என்று ஒரு அம்மா புதிதாக வந்திருக்கிறார்கள், உன் வயதுதான் இருக்கும், ஆனால் பொறுமை என்றால் அப்படி ஒரு பொறுமை. எனக்குப் புரிந்தவரை எழுதுகிறேன். நம் ரத்தத்தில் சி.டி.4 என்று ஒரு வகை வெள்ளை அணு இருக்கிறது, கிருமி வந்தால் மற்ற அணுக்களைக் கூப்பிட்டு வேலை வாங்குவது அதுதான், நம் யார்டுக்குக் குப்புராஜ் மாதிரி. இந்த வைரஸ் நேராகப் போய் அந்தச் சூப்பர்வைசருக்குள்ளேயே குடியேறி, அவனை வைத்தே தன்னைப் போலப் பல நகல் எடுத்து, கடைசியில் அவனையே தீர்த்துவிடுகிறது. மேய்ப்பன் போனால் மந்தை என்ன ஆகும், அந்தக் கதைதான். மூளைக்குள் மட்டும் கண்டதும் நுழையாதபடி ஒரு தடுப்பு உண்டாம். ஆனால் கேட் பாஸ் உள்ள இன்னொரு வெள்ளை அணு வைரஸைத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விடும். போய், மூளையிலேயே காவலுக்கு இருக்கும் அணுக்களைப் பிடித்துக்கொள்ளும். நரம்பு அணுவை அது தொடுவதில்லையாம், காவல்காரர்கள் சூடாகிக் கக்கும் நஞ்சிலும் வைரஸ் கழிக்கும் கழிவிலும் பக்கத்து நரம்புகள் கெட்டுப்போகின்றன. அதனால் சிலருக்குக் கவனம் சிதறும், ஞாபகம் குறையும், கை வேகம் மட்டுப்படும். மாத்திரை சரியாகச் சாப்பிட்டால் பெரிய கெடுதல் வராது, ஆனாலும் சிலருக்கு லேசாக இருக்கத்தான் செய்யும் என்றார்கள். உன் அம்மா உடனே, வாட்ச்மேனுங்க அடிச்சிகினா கம்பெனிக்குத்தான் நஷ்டம், அதான மேடம் என்றாள். அதேதாம்மா என்று டாக்டர் சிரித்தார்கள். வண்டிக் கதையைச் சொன்னதும், உங்க சிநேகிதர் அப்பாவு, அவருக்கு இந்த வைரஸ் இல்லையே, அவர் தன் வண்டியிலேயே ஏறி உட்கார்ந்தும் அடையாளம் தெரியலையே, எல்லாத்தையும் வைரஸ் தலையில் கட்ட முடியாது, சோதிச்சுப் பார்ப்போம் என்றார்கள்.

சோதனை என்றால் ஊசி என்று நினைத்தேன், பள்ளிக்கூடப் பரீட்சை மாதிரி வைத்துவிட்டார்கள். அஞ்சு வார்த்தை சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் வேறு வேலை கொடுத்து, அப்புறம் திருப்பிச் சொல்லச் சொன்னார்கள். நாலு சொன்னேன், அஞ்சாவதுக்கு முழித்தேன். பூசணிக்காய்யா, பூசணிக்கா என்று உன் அம்மா இருமுவதுபோல் சொன்னாள். டாக்டர் அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள். அடுத்து ஒரு நிமிஷத்துக்குள் தெரிந்த மிருகங்களின் பேரெல்லாம் சொல்ல வேண்டும். நான் சிங்கம் புலியோடு திணறும்போது ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஆடு, எருமை, கழுத என்று ஒரு குரல் வருகிறது. வராண்டாவில் மருந்துக்கு நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள், கழுத என்று அவள் என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்திருப்பார்கள். சிதறிக் கிடந்த எண்களை வரிசையாகக் கோடு போட்டுச் சேர்க்கும் சோதனையில்தான் நான் ரொம்ப மெதுவாக இருந்தேன். ரத்தமும் எடுத்தார்கள்.

அப்புறம் அந்த ரிசல்ட்டுக்குப் போனோம். இத்தனை வருஷம் சோதனையில் தட்டுப்படாமலே அடங்கிக் கிடந்த வைரஸ் மறுபடி தலை தூக்கியிருந்தது. மாத்திரை விட்டுப்போச்சா என்று டாக்டர் கேட்டதும் உன் அம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். ஒரு நாள் விட்டதில்ல மேடம், காலைல வெறும் வயித்துல நானே தண்ணி குடுத்து முழுங்க வெக்கறேன், வாயத் தொறக்கச் சொல்லிக்கூடப் பாப்பேன் என்றாள். அதோடு விட்டாளா, பெருமையாகப் பையிலிருந்து உன் டப்பாவை எடுத்து, இதையும் கூடவே குடுக்கறேன், எம் புள்ள சிங்கப்பூர்லேர்ந்து அனுப்பினது என்று மேஜைமேல் வைத்தாள். டாக்டர் டப்பாவைத் திருப்பிப் படித்தார்கள், படிக்கப் படிக்க அவர்கள் முகம் தெளிந்தது. கால்சியம், இரும்பு, துத்தநாகம் எல்லாம் அதில் இருக்கிறதாம். வெறும் வயிற்றில் இரண்டையும் சேர்த்து விழுங்கினால் அவை என் மாத்திரையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுமாம், அது உடம்பில் ஏறாமலே வெளியே போய்விடுமாம். இப்போதைக்கு டப்பாவை நிறுத்துங்கள், இனி எதைச் சாப்பிட்டாலும் எங்களைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள் என்றார்கள். நீ இதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொள்ளாதே ராஜா. நீ பாசத்தில் அனுப்பினாய், அம்மா பாசத்தில் கொடுத்தாள், நான் பாசத்தில் முழுங்கினேன், மூன்று பேர் பாசமும் சேர்ந்து வைரஸுக்கு நல்ல சாப்பாடாகிவிட்டது.

அப்புறம் மூன்று மாதம் கிரேன் பக்கம் போகாதே என்று டாக்டர் சீட்டுக் கொடுத்தார்கள். என்ன நோய் என்று சீட்டில் இல்லை, கம்பெனிக்குச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை, சட்டமே அப்படித்தான் என்றார்கள். குப்புராஜும் கேட்கவில்லை, லாரி எடை போடும் இடத்தில் உட்கார வைத்தான். அங்கே வரும் ஆந்திரா டிரைவர்கள் எல்லாரும் என்னை நைனா நைனா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டே எனக்குப் பாதித் தெலுங்கு வந்துவிட்டது, மூளை கெட்டவனுக்கு வருமா சொல். காலையில் அப்பாவு வந்து நடக்கக் கூட்டிப்போவான், யார் யாரைத் தொலைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது என்று எங்களுக்குள் போட்டி. மூன்று மாதம் கழித்துப் பார்த்ததில் வைரஸ் மறுபடி அடங்கிவிட்டது. எண்களைச் சேர்ப்பதிலும் வேகம் கூடியிருக்கிறது, ஆனாலும் என் வயதுக்கு இன்னும் கொஞ்சம் மெதுவுதானாம். மாத்திரை தொடங்குவதற்கு முந்தின வருஷங்களில் விழுந்த பழைய தழும்பாக இருக்கலாம், பெரிதாகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்போம், பயப்பட வேண்டாம் என்றார்கள். கம்பெனியில் வைத்த கண் சோதனை, கை சோதனையிலும் தேறினேன். போன திங்கள்கிழமை ஏணியில் ஏறி உட்கார்ந்து முதல் இரும்புக் கட்டை இறக்கினேன், ஜோஷ்வா, பஞ்சுமேல் முட்டை வைப்பதுபோல் இறங்கியது. கீழே இருந்தவன் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினான். அவனுக்கு அது தினப்படி வேலை. நான் மேலே இருந்ததால் என் கண்ணை யாரும் பார்க்கவில்லை.

இப்போது உன் விஷயம். நீ சொன்ன பெண் தேவதர்ஷினியிடம் அப்பாவின் உடம்பைப் பற்றி இன்னும் சொல்லவில்லை என்று சசிகுமார் உளறிவிட்டான். அவனைத் திட்டாதே. என் மருமகளாக வரப்போகிறவளிடம் மறைத்துவிட்டு நீ தாலியோ மோதிரமோ எதுவும் எடுத்துக்கொண்டு போக வேண்டாம். சேர்ந்து சாப்பிட்டால் ஒட்டாது, பேரப்பிள்ளையைத் தூக்கினால் ஒட்டாது, உன் அம்மா இத்தனை வருஷம் என்னோடு குடித்தனம் நடத்தியும் அவளுக்கு இல்லை, இதையெல்லாம் பக்குவமாகச் சொல். வேண்டாம் என்று அந்தப் பெண் சொன்னால் அவள்மேல் எனக்கு வருத்தமில்லை, நீயும் கோபப்படக் கூடாது. பயம் மட்டும்தான் என்றால் உன் அம்மாவிடம் போனில் பேசச் சொல். என் மனைவியிடம் பத்து நிமிஷம் பேசியவர்களுக்கு அதற்கப்புறம் எந்த வைரஸைப் பார்த்தும் பயம் வந்ததில்லை.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மழையில் நனைந்தால் தலையைத் துவட்டு. கருவாட்டைச் சசிகுமாருக்கும் பங்கு கொடு.

உன் அன்பு அப்பா,
ஆ. ஆசீர்வாதம்

(அம்மா படித்துப் பார்த்தாள். ஒன்பதில் எட்டு வரி புகார் இல்லையாம், ஏழுதானாம்.)