தலைச்சனைக் கேட்காத பூதம்

சோப்புப் போட்டுக் கழுவியும் கையிலிருந்து சுருட்டு வாசம் போகவில்லை. காப்பிரி மதிலுக்குப் போய்விட்டு இப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இந்த வாசத்தோடு வந்து நிற்பது நீங்கள். "முதல்ல போய்க் குளிங்க" என்று விரட்டுவது நான். இன்றைக்கு விரட்ட ஆளில்லை. விரலை மூக்கருகே வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நம் மகள் நேற்று விமானம் ஏறிப் போனாள், வளைகுடாவில் நர்ஸ் வேலைக்கு. வீடு ஒரே அமைதியாக இருக்கிறது. மட்டாஞ்சேரிப் பள்ளியில் நான் படித்தது மலையாளம், இந்தத் தமிழ் எழுத்து உங்களோடு வந்தது. பிழை இருந்தால் வழக்கம்போலச் சிரித்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்குப் புகைக்கவே தெரியாது. ஆனால் சுருட்டைப் பற்றவைக்க ஓர் இழுப்பாவது இழுத்தாக வேண்டுமே. கண் சிவந்து, மூக்கில் நீர் வடிந்து, இருமி இருமி அதை மதில் மாடத்தில் வைப்பீர்கள். எதிர்ச் சாயாக்கடைச் சேட்டன் விடமாட்டார். "அண்ணாச்சி, முத்தப்பனுக்கு உள்ளதை நீங்க குடிச்சுத் தீர்க்காதீங்க!" என்பார். நீங்கள் முறைப்பீர்கள். பிறகு அவர் கடையிலேயே போய்ச் சாயா குடிப்பீர்கள்.

காப்பிரி யாரென்று முதலில் உங்களுக்குச் சொன்னவள் நான்தான். டச்சுக்காரர்களுக்குப் பயந்து ஓடிய போர்த்துகீசியப் பறங்கிகள், பொன்னையெல்லாம் இங்குள்ள சுவர்களிலும் கிணறுகளிலும் புதைத்துவிட்டுப் போனார்கள், அதற்குக் காவலாகக் கறுத்த ஆள் ஒருவரை வைத்துவிட்டுப் போனார்கள். அவர்தான் காப்பிரி முத்தப்பன். மதில்மேல் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பார், வழி தவறியவர்களுக்கு வழி காட்டுவார். எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்வது இவ்வளவுதான், உங்களுக்கும் இவ்வளவுதான் சொன்னேன். அவரை எப்படிக் காவல் வைத்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் அதையெல்லாம் யார் பேசுவார்கள்?

நீங்களோ அதற்குள் பயந்து போய்விட்டீர்கள். உங்கள் சிவகங்கைப் பக்கத்தில் கண்மாய்க் கரைக்கடியில் ஒரு செப்புக் குடம் இருக்கிறதாம், மழைக்காலத்தில் அதன் சங்கிலிச் சத்தம் கேட்குமாம். அதைக் காக்கிற பூதம், எடுக்க வருகிறவனிடம் தலைச்சன் பிள்ளையைக் கேட்குமாம். முதல் பிள்ளையைக் கொடுத்தால்தான் குடம் கைக்கு வருமாம். பழைய கட்டடங்களை இடிக்கிற வேலைக்கென்றே கொச்சிக்கு வந்த மனுஷன், கையில் கடப்பாரையோடு இதைச் சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அப்புறம் கொச்சங்காடியில் அந்தப் பழைய கிடங்கை இடித்தீர்கள். நான் அப்போது முழுகாமல் இருந்தேன், வயிறு நன்றாகத் தெரிய ஆரம்பித்திருந்தது. உச்சி வெயிலில் முகமெல்லாம் சுண்ணாம்புப் பொடியோடு வாசலில் வந்து நின்றீர்கள்.

"என்னங்க, சோறு கொண்டு போனீங்களே, அதுக்குள்ள எதுக்கு வந்தீங்க?"

"வேலைய விட்டுட்டு வந்துட்டேன். செவுத்துக்குள்ள ஒரு பெரிய பரணிச் சாடி இருக்கு. வாய் பூசியிருக்கு."

"தொறந்து பார்த்தீங்களா?"

"நான் தொடல. ஆனா கடப்பாரை என் கையிலதான் இருந்துச்சு." உங்கள் பார்வை என் வயிற்றிலேயே இருந்தது.

ஒற்றை அறையில் மழைக்கு ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே குடியிருந்தோம். எனக்கு ஆசை இல்லாமலா இருக்கும்? "காப்பிரி பிள்ளைய ஒண்ணும் கேக்க மாட்டாரு. ஒரு சுருட்டு, துளி கள்ளு, அது மதி, அது போதும் அவருக்கு" என்று எவ்வளவோ சொன்னேன். "கேக்காத பூதம் எங்கயாச்சும் இருக்கா?" என்றீர்கள். உடன் வேலை செய்தவர்கள் வந்து கூப்பிட்டும் நீங்கள் போகவில்லை.

போகாததோடு விட்டீர்களா? சாயங்காலம் பெரிய வெள்ளைப்பூசணி ஒன்றை வாங்கி, குங்குமம் தடவி, மேலே கற்பூரம் ஏற்றி, என்னை மதிலுக்கு எதிரே நிற்க வைத்துச் சுற்றி, நடுத்தெருவில் போட்டு உடைத்தீர்கள். பூசணியை உடைத்துக் காப்பிரியைச் சமாதானப்படுத்தப் பார்த்தவர் மட்டாஞ்சேரியில் நீங்கள் ஒருவர்தான். அப்பம் வைப்பார்கள், முட்டை வைப்பார்கள், மீன் கறி வைப்பார்கள். பூசணியை யாரும் கண்டதில்லை. சாயாக்கடைச் சேட்டன் தலையில் கைவைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, முத்தப்பன் எந்தா லாரியா? இத்தற நல்ல கும்பளங்காய்! தேங்காப்பால் ஊத்தி ஒரு வீட்டுக்கு ஓலன் கறி வெக்கலாமாயிருந்தல்லோ!" தெருவே சிரித்தது. நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். நீங்கள் மட்டும் சிதறிய துண்டுகளை ஒன்றுவிடாமல் ஓரமாக ஒதுக்கினீர்கள், யாரும் மிதித்துவிடக் கூடாதென்று.

பரணியை மறுநாள் கிடங்கு முதலாளி எல்லாருக்கும் எதிரே திறந்தார். உள்ளே உப்புப் போட்டு வைத்த குடம்புளி, கருங்கல்லாக இறுகிக் கிடந்தது. எந்தக் காலத்துச் சமையல்காரரோ மாடத்தில் வைத்து மறந்திருக்க, பின்னால் வந்தவர்கள் அதன்மேலேயே சுவரைப் பூசிவிட்டார்கள். அதன் பிறகு வேலைத்தளத்தில் உங்கள் பெயரே 'புளிப் பூதம்' ஆகிவிட்டது. நான்கூட மீன் குழம்பு வைக்கும்போதெல்லாம் உங்களிடம் உத்தரவு கேட்பேன். ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டுச் சொன்னீர்கள்: "தங்கமா இருந்திருந்தாலும் விட்டுட்டுத்தான் வந்திருப்பேன்." எனக்கு அது தெரியும். அன்றிலிருந்து உங்களைக் கேலி செய்வதைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன், முழுதாக விடவில்லை.

மகள் பிறந்தாள். அவளை மடியில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தபோது, காப்பிரியை எப்படிக் காவல் வைத்தார்கள் என்று நீங்களாகவே கேட்டீர்கள். சொன்னேன். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமையாகக் கொண்டுவந்தவரைச் சங்கிலியால் கட்டி, பொன்னோடு சேர்த்துக் குழியில் நிறுத்தி, நாங்கள் திரும்பி வருகிறவரை காத்திரு என்று சொல்லிக் கொன்றுவிட்டார்கள். அவர்கள் திரும்பி வரவே இல்லை. அவர் அங்கேயே இருக்கிறார்.

நீங்கள் ஆட்டுவதை நிறுத்திவிட்டீர்கள். "அவனும் யாரோ ஒரு ஆத்தாவுக்குத் தலைச்சனா இருந்திருப்பான்ல?" என்றீர்கள். பிறந்ததிலிருந்து அந்த மதிலைக் கடந்து நடக்கிறவள் நான், அவருக்கும் ஒரு தாய் இருந்திருப்பாள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அதற்குப் பிறகுதான் ஞாயிறுதோறும் போக ஆரம்பித்தீர்கள். மற்றவர்கள் தொலைந்த மோதிரம் கேட்பார்கள், விசா கேட்பார்கள். நீங்கள் எதுவும் கேட்டதில்லை. ஒரு தரம் ஏனென்று கேட்டதற்கு, "அவனே வீட்டுக்குப் போக முடியாம உக்காந்திருக்கான், அவன்கிட்டப் போயி என்னத்தக் கேக்குறது?" என்றீர்கள். ஊருக்குப் போய்வர லீவு கிடைக்காத வருஷங்களில் நீங்கள் அங்கே அதிக நேரம் நின்றதை நான் கவனித்திருக்கிறேன்.

இடித்த சுவர்களின் தூசியெல்லாம் உங்கள் நெஞ்சில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மூச்சு அடங்கிய பிறகு உங்கள் தம்பிமார் வந்து உங்களை ஊருக்குக் கொண்டுபோனார்கள். வண்டி நின்றதும் உங்கள் அம்மா அழவில்லை. உங்கள் கன்னத்தைத் தடவிக்கொண்டே என்னிடம், "என் தலைச்சன எந்தப் பூதம்டி கேட்டுச்சு?" என்றார்கள்.

மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் அந்தக் கேள்வி என் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரை வந்தது. "ரெண்டு வருஷமல்லே அம்மா, பின்னே வந்துடுவேன்" என்றாள். எல்லாரும் அப்படித்தானே போகிறார்கள், நீங்களும் அப்படிச் சொல்லிவிட்டுத்தானே உங்கள் அம்மாவிடமிருந்து கிளம்பி வந்தீர்கள். நீங்கள் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று யோசித்துப் பார்த்தேன். பள்ளியில் அவளை வைப்பின் தீவுக்குக் கூட்டிப்போன அன்று, வேலைக்குப் போகாமல் படகு திரும்பும் வரை துறையிலேயே நின்றவர் நீங்கள். ஆனாலும் போகாதே என்று அவளிடம் சொல்லவில்லையே. தண்ணீர் பாட்டிலை நீங்கள்தானே நிரப்பிக் கொடுத்தீர்கள்.

விமான நிலையத்தில் அப்படி நிற்க விடமாட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு கூட்டம் மறைத்துவிட்டது. எந்தப் பூதமும் வந்து கேட்கவில்லை. நானே பெட்டியைத் தூக்கிக் கொடுத்து, நம் தலைச்சனை அனுப்பிவிட்டு வந்தேன். அந்தக் கடப்பாரையைப் போட்டுவிட்டு வெயிலில் ஓடி வந்தீர்களே, அந்தப் பயம் முழுவதும் இப்போது என்னிடம் இருக்கிறது. உங்களைக் கேலி செய்ததற்கெல்லாம் சேர்த்து இருக்கிறது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் பாதியைப் பிடுங்கிக்கொண்டிருப்பீர்கள். உங்களை எனக்கு அவ்வளவு தேடுகிறது.

நேற்று சாயங்காலம் அவள் போன் செய்தாள். உடனே உங்கள் அம்மாவுக்குச் சொன்னேன். "சேந்துட்டாளா? சாப்பிட்டாளாமா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவர்களிடம் பேசி முடித்த பிறகும் போனைக் கீழே வைக்க மனம் வரவில்லை, இன்னும் ஒருவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அவள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்துவிட்டாள்.