என் விலாவை நானே பேக்கிங் செய்த கதை

மார்ச் 4, செவ்வாய்

கிடங்கில் புதிதாகச் சேர்ந்த நான்கு பேருக்கு இன்று பாதுகாப்பு வகுப்பு எடுத்தேன். "தள்ளுவண்டி மேல ஏறி நின்னு பெட்டி எடுக்கவே கூடாது. எப்படி ஏறக் கூடாதுன்னு காட்டுறேன், பாருங்க" என்று ஏறிக் காட்டினேன். வண்டி தன் வழியே போனது. நான் கீழ் வழியே போனேன். மேசை விளிம்பு இடது மார்பில் இறங்கியது. நால்வரும் கை தட்டினார்கள். பாடத்தில் சேர்ந்தது என்று நினைத்தார்களாம்.

மார்ச் 5, புதன்

இருமினால் வலி. தும்மினால் உயிர் போய்த் திரும்பி வருகிறது. "ஆஸ்பத்திரிக்குப் போலாங்க" என்றாள் மனைவி. இருபது வருடமாகக் கண்ணாடிச் சாமான் கட்டி அனுப்புகிறவன் நான். விரிசல் விட்டதை எப்படிக் கட்டுவது என்று எனக்கா தெரியாது? பஞ்சு வைத்து, அகல டேப்பில் அக்குள் முதல் தொப்புள் வரை ஒன்பது சுற்று. அவள் டேப்பைப் பிடித்துக்கொள்ள நான் பம்பரமாகச் சுற்றினேன். வலி பாதியாகிவிட்டது! டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியவன். எட்டாம் வகுப்புதான் குறுக்கே விழுந்துவிட்டது.

மார்ச் 8

மூச்சு பாதி வழியிலேயே திரும்பிவிடுகிறது. உடம்பு சுடுகிறதோ?

மார்ச் 9, ஞாயிறு

ஆஸ்பத்திரி. டேப்போடு மார்பு ரோமமும் விடைபெற்றது. "யாருங்க இந்த வேலையப் பாத்தது?" என்றார் நர்ஸ். மனைவி என்னைக் காட்டினாள். கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. டாக்டரம்மா அந்தப் பெருமையில் பங்கு கேட்கவில்லை. "மூணு விலாவுல விரிசல். அது தானா கூடிடும். நீங்க இறுக்கிக் கட்டினதால நுரையீரல் விரியல. சளி தேங்கி நிமோனியா. சுத்தி நீர் வேற கோத்திருக்கு."

விலா இடுக்கில் குழாய் போட்டு, நீரை ஒரு பாட்டிலில் வடிக்கிறார்கள். நான் எங்கே போனாலும் பாட்டிலும் வருகிறது, கழிப்பறைக்குக்கூட. என் தம்பிகூட என்னோடு இவ்வளவு ஒட்டுதலாக இருந்ததில்லை.

மார்ச் 11

மூன்று பந்து உள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பா தந்தார்கள். குழாயில் மூச்சை உள்ளே இழுத்தால் பந்து எழ வேண்டும். மணிக்குப் பத்து முறை, செய்ததும் தாளில் டிக். இழுத்தால் கண் பிதுங்குகிறது. டிக் போட வலிக்கவில்லை. ஆகவே டிக் போட்டேன்.

மார்ச் 12, புதன்

மாட்டிக்கொண்டேன். மகள் தாளைப் பார்த்து, "அப்பா, இப்ப மணி பத்து. சாயங்காலம் அஞ்சு மணி மூச்சையும் இழுத்து முடிச்சிட்டீங்களா?" என்றாள்.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை எக்ஸ்ரேயில் நுரையீரல் விரியாவிட்டால் ஆபரேஷனாம். நான் பயப்படுவேன் என்று அவளும் அவள் அம்மாவும் மறைத்திருக்கிறார்கள். "டேப்பப் பிடிச்சுக் கொடுத்தவ நாந்தானே" என்று மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடப்பாவி மனுஷா, யாரை ஏமாத்துற நீ?

மார்ச் 13

தலையணையைக் கட்டிப்பிடித்து இருமு. இழு. மறுபடி இருமு. மகள் எண்ணுகிறாள்; பாதியில் விட்டால் ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறாள், ராட்சசி. நான் இழுக்கும்போதெல்லாம் மனைவியும் கூடவே இழுக்கிறாள். அவள் நுரையீரலுக்கு இனி குறையே வராது. சாயங்காலம் இரண்டாவது பந்து எழுந்தது. "ஏறுது, ஏறுது!" என்று பக்கத்துக் கட்டில்காரர் காலில் கட்டோடு எழுந்து உட்கார்ந்தார். நர்ஸ் வந்து எல்லாரையும் அதட்டினார். மூன்றாவது பந்து மட்டும் அசையவில்லை. போதுமா இது?

மார்ச் 14, வெள்ளி

டாக்டரம்மா படத்தைப் பார்த்தார், பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். மனைவி பிடித்த பிடியில் என் விரலுக்கும் ஒரு எக்ஸ்ரே தேவைப்படும்போல் இருந்தது.

"விரிஞ்சிருக்கு. ஆபரேஷன் வேண்டாம். இனிமே எதையும் கட்டாதீங்க."

ஏப்ரல் 6, ஞாயிறு

ஈரத் துண்டைக் கட்டில் மேல் போட்டுவிட்டேனாம். சமையலறையிலிருந்து மனைவி ஆரம்பித்தாள். துண்டில் தொடங்கி என் அக்கா வீட்டுக்காரர் வரை போனாள். நான் விழுந்த பிறகு இதுதான் முதல் சண்டை. விடுவேனா? மொட்டை மாடியில் நின்றபடியே அத்தனைக்கும் வரிசையாகப் பதில் கொடுத்தேன்.

கீழே சத்தமே இல்லை. பயந்து இறங்கி வந்தேன். அடுப்பருகே அப்படியே நின்றிருந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நடுவுல மூச்சு வாங்காம கத்துனீங்க."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "துண்டு இன்னும் அங்கதான் கிடக்கு!"