அடுத்த படகு

நயாகரா ஆற்றங்கரை, நியூயார்க் மாநிலம்
ஜூன், 1815

கேப்டன் இலைஹு ஸ்ட்ராட்டன் அவர்களுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நலம் விசாரிக்க இதை எழுதவில்லை. தாங்கள் நலமாக இருப்பதை ஞாயிறுதோறும் தேவாலயத்தின் முன்வரிசையில் பார்க்கிறேன்.

ஜூலை நான்காம் தேதி சுதந்திர தின மேடையில் தாங்கள்தான் பேசப் போகிறீர்களாம். அதற்கு ஒத்திகை போலச் சென்ற வாரம் மதுக்கடையில் பேசிக் காட்டினீர்கள். பீப்பாய் செய்து பிழைத்த லெமுவல் பர்ச், குடிபோதையில், உத்தரவில்லாமல் படகில் குதித்துப் போய்ச் செத்தான் என்றீர்கள். கேட்டவர்கள் சிரித்தார்கள். மறுநாளே அது அவன் மனைவி டார்கஸின் காதுக்குப் போய்விட்டது. ஊர் வாயில் அவள் பிள்ளைகள் இப்போது குடிகாரன் பிள்ளைகள்.

மூன்று ஆண்டுக்கு முன், பிரிட்டன்மேல் போர் அறிவித்த கோடையில், நம் ஊர்ப்படைப் பிரிவுக்குக் கேப்டனைத் தேர்ந்தெடுத்தது நினைவிருக்கும். வழக்கப்படி கைதூக்கித்தான். வழக்கப்படியே தாங்கள் ஆப்பிள் மது ஊற்றினீர்கள். நானும் குடித்தேன், நானும் கைதூக்கினேன். நடுக்கடலில் நம் கப்பல்களை மறித்து, நம் மாலுமிகளை இழுத்துப்போய்த் தன் போர்க்கப்பலில் வேலை வாங்குகிறானே பிரிட்டிஷ்காரன், அவனை விடலாமா என்று கேட்டீர்கள். எங்களில் பாதிப்பேர் கடலையே பார்த்ததில்லை. இருந்தும் இரத்தம் கொதித்தது. ஆற்றைத் தாண்டினால் அவன் ஆளும் கனடா, இலை உதிர்வதற்குள் ஆளுக்கொரு பண்ணை என்றும் சொன்னீர்கள்.

லெமுவல் மட்டும் தயங்கினான். அவனுடைய அக்கா வாழ்க்கைப்பட்டது அக்கரையில். நம் கோதுமையை அரைத்துக் கொடுத்ததும் அக்கரை ஆலைதான். அவனைக் கோழை என்றீர்கள், எல்லோர் முன்னாலும்.

அக்டோபர் மாதம், விடியாத இருட்டு, மழை. படகுகள் போதவில்லை. தாங்கள் லெமுவலின் தோளில் கைபோட்டுச் சொன்னதை நான் நின்று கேட்டேன்.

"லெம், நீ முதல்ல ஏறுப்பா. மத்தவங்களைக் கூட்டிக்கிட்டு அடுத்த படகுலயே வந்துடறேன்."

அவன் வாயில் மது வாடை இல்லை. அன்று காலை எங்களுக்குக் கிடைத்தது நனைந்த ரொட்டி மட்டுமே.

அவனோடு ஏறிப் போனவர்களில் நானும் ஒருவன். அக்கரைக் குன்றைப் பிடித்துவிட்டோம். மேலிருந்து பார்த்தால் நம் கரை முழுவதும் தெரிந்தது. துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு, சந்தைக்கு வந்தவர்கள் போல நம் ஆட்கள் நின்றார்கள். படகுகள் காயம்பட்டவர்களை ஏற்றிக்கொண்டு போயின, காலியாகத் திரும்பின. லெமுவல் சிரித்தான். "கேப்டன் பூட்ஸ் நனையக்கூடாதுன்னு பாலம் கட்டிக்கிட்டு இருக்காரு போல" என்றான். அப்போதுகூட எங்களுக்குச் சந்தேகம் வரவில்லை. தாங்கள் வருவீர்கள் என்றே நம்பினோம்.

மாலையில் சிவப்புச் சட்டை பிரிட்டிஷ் சிப்பாய்களும் அவர்களோடு சேர்ந்த மோஹாக் பழங்குடி வீரர்களும் பக்கவாட்டில் ஏறி வந்தபோது அவனுக்கு வயிற்றில் குண்டு பட்டது. தலையைத் திருப்ப முடியவில்லை. படகு வருகிறதா என்று என்னைப் பார்த்துச் சொல்லச் சொன்னான். வருகிறது என்றேன். அதைக் கேட்டுக்கொண்டே போனான்.

எங்களைப் பிடித்த பிரிட்டிஷ் சார்ஜண்ட் ஆற்றுப்பக்கம் கைகாட்டிக் கேட்டான்: "அங்க நிக்கிறவங்க உங்க ஆளுங்களா, எங்க ஆளுங்களா?"

இனி ஆயுதம் எடுப்பதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டு எங்களை அனுப்பினார்கள். திரும்பி வந்த பிறகுதான், இக்கரையிலேயே நின்றவர்கள் சொல்லித் தெரிந்தது. ஊர்ப்படை இந்த மாநிலத்தைக் காக்க மட்டுமே, எல்லை தாண்டச் சொல்ல எவனுக்கும் அதிகாரமில்லை என்று சட்டம் பேசினீர்களாம். சட்டம் அப்படியே இருக்கட்டும். லெமுவலைப் படகில் ஏற்றியபோது அது எங்கே போயிருந்தது?

மறு ஆண்டுக் குளிரில் நம் படை அக்கரையை எரித்தது. அவர்கள் வந்து நம் கரையை எரித்தார்கள். லெமுவலின் அக்கா வீடும் போயிற்று, அவன் வீடும் போயிற்று. இப்போது சமாதானம். எல்லை இருந்த இடத்திலேயே இருக்கிறது. எந்த மாலுமிகளுக்காகப் புறப்பட்டோமோ, அவர்களைப் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வார்த்தைகூட இல்லையாம். எல்லோருமே ஏமாந்தவர்கள், இதில் யாரை யார் கேட்பது என்றுதான் இவ்வளவு நாள் பேசாமல் இருந்தேன். தாங்கள் செத்தவன் மேல் மதுவை ஊற்றாமல் இருந்திருந்தால் இன்னும் பேசாமல் இருந்திருப்பேன்.

தாங்கள் வராததை மேடையில் சொல்ல வேண்டாம், அது ஊருக்கே தெரியும். "லெமுவலை நான்தான் அனுப்பினேன், அவன் குடித்திருக்கவில்லை" என்று மட்டும் சொல்லுங்கள். டார்கஸ் பிள்ளைகளோடு அங்கே உட்கார்ந்திருப்பாள். அவள் முகத்தைப் பார்த்து அதைச் சொல்லும் தைரியத்தைக் கடவுள் தங்களுக்குத் தரட்டும்.

தங்கள் பணிவுள்ள ஊழியன் என்று கடிதத்தை முடிப்பது நம் வழக்கம். அதை எழுதக் கை வரவில்லை. பெயரும் போடப் போவதில்லை. போட்டால், இவனுக்கு என்மேல் பழைய பகை என்று ஒருவனைச் சுட்டிச் சிரித்துவிட்டுப் போய்விடுவீர்கள். அக்கரை போய்த் திரும்பியவர்கள் இந்த ஊரில் பலர் இருக்கிறோம். மேடையில் ஏறியதும் ஒவ்வொரு முகமாகத் தேடுங்கள்.

கையெழுத்தில்லாமலே இதை அஞ்சலில் சேர்க்கிறேன். அவன் சாகும்போது பக்கத்தில் இருந்தது யார் என்று தெரிய வேண்டுமானால், தாங்கள் அன்று வந்திருக்க வேண்டும்.